இவன் இவனா இல்ல, டாக்டர்

வாசகர் கடிதம்:

டாக்டர், வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. மூத்தவனுக்கு ஏழு வயது, ஒன்றாம் ஆண்டு படிக்கிறான். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். அழவே இல்லை. வலது கையை இடது கையால் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான். முழங்கை லேசாக வீங்கியிருந்தது. எனக்கு அப்போதே மனசு அடித்துக்கொண்டது. மாமியார், "சுளுக்குதான், கோடாலித் தைலம் தேய்" என்றார். வீட்டுக்காரர் விரலை ஆட்டச் சொன்னார், ஆட்டினான். "விரல் ஆடுதுல்ல, உடைஞ்சிருந்தா இப்படி உக்காந்திருப்பானா?" என்றார். அன்றைக்கு இரவு தண்ணீர் கேட்டான். இடது கையை நீட்டி வாங்கினான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆனாலும் மறுநாள் சுளுக்கு எடுப்பவரிடம்தான் போனோம். உருவியதும் வீக்கம் கூடியது. திங்கட்கிழமை பென்சில் பிடிக்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்று ஈப்போவுக்கு அனுப்பி, ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கம்பி எடுத்து ஒரு மாதம் ஆகிறது. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் இன்னும் சரியாக மடங்கவில்லை. நான் அன்றைக்கே பிடிவாதமாக நின்றிருந்தால் இது வந்திருக்குமா? போன வாரம் ஒன்றரை வயது மகள் கட்டிலிலிருந்து விழுந்தாள். ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். மனசு சொல்வதை எப்போது கேட்பது, எப்போது விடுவது?

- ஒரு தாய்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது வேறு என்றாலும், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு ஏற்பட்டது பிள்ளைகளின் முழங்கையில் மிக அதிகமாக வரும் முறிவு. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் கூடுதலாகப் பார்க்கிறோம். விழும்போது பிள்ளை கையை நீட்டி ஊன்றும். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு தகடு மாதிரி மெலிந்திருக்கும் இடம் அப்படியே ஒடியும். அதை ஒட்டித்தான் கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் இறங்குகின்றன. அதில் ஒரு கிளை நரம்புதான் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் மடக்குகிறது. அந்தக் கிளைக்குத் தோலில் வேலை இல்லை. அதனால் அது அடிபட்டால் பிள்ளை "மரத்துப் போச்சு" என்று சொல்லாது. விரல்களை நீட்டி மடக்கச் சொன்னால் மற்ற விரல்கள் ஆடும், பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரி என்று தோன்றும். உங்கள் வீட்டுக்காரர் ஏமாந்தது அங்கேதான். அவர் மேல் குறையில்லை. அவசரத்தில் மருத்துவர்களே இதைத் தவறவிடுவதுண்டு.

இந்த முறிவில் நரம்பு பெரும்பாலும் விழுந்த நொடியிலேயே இழுபட்டுவிடுகிறது. பெரும்பாலும் தானாகவே திரும்பியும் வருகிறது, சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள். உங்கள் மகன் விழுந்து ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை இரவே போயிருந்தால் விரல் மடங்கியிருக்குமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் உருவியது தவறு. அதை மழுப்ப எனக்கு மனமில்லை. ஒடிந்த முனை நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் பக்கத்தில் இருக்கும்போது மேலே கை வைத்து அழுத்துவது, இருக்கிற காயத்தைப் பெரிதாக்கக் கூடியது. இரத்த ஓட்டம் தடைபட்டால் முன்கைத் தசை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் கொக்கி போல் வளைந்து நின்றுவிடும். வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881-இலேயே இதை விளக்கி எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறோம். உங்கள் மகனுக்கு அது நடக்கவில்லை. இரண்டு நாள் தாமதித்தும் இரத்த ஓட்டம் தப்பியதே பெரிய ஆறுதல்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது "மனசு அடித்துக்கொண்டது" என்ற வரி அல்ல. "இடது கையை நீட்டி வாங்கினான்" என்ற வரி. மனசு சும்மா அடித்துக்கொள்ளவில்லை, தங்கச்சி. வலக்கைப் பழக்கமுள்ள ஏழு வயதுப் பையன் தூக்கக் கலக்கத்தில்கூட வலது கையை நீட்டவில்லை என்பதை உங்கள் கண் பார்த்தது. மரத்திலிருந்து விழுந்தும் அழவில்லை என்பதைக் காது கவனித்தது. பக்கத்து வீட்டுப் பையன் அழாமல் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. உங்கள் மகன் எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவனாக இருந்திருப்பான், அதனால்தான் அந்த மௌனம் உங்களைச் சுட்டது. உள்ளுணர்வு என்று நாம் பெரிய பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஒப்பீட்டைத்தான். நான் அவனைப் பார்ப்பது பத்து நிமிடம். நீங்கள் ஏழு வருடமாகப் பார்க்கிறீர்கள்.

இதை நான் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. தலையில் அடிபட்ட பிள்ளைகளில் யாருக்கு சி.டி. ஸ்கேன் தேவை என்று முடிவு செய்ய உலகம் முழுவதும் ஒரு விதிமுறை பயன்படுகிறது. அமெரிக்காவில் 25 அவசரப் பிரிவுகளில் நாற்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்து, 2009-இல் வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பட்டியலில் மண்டை வீக்கம், நினைவு தப்புதல், விழுந்த உயரம் ஆகியவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: பிள்ளை வழக்கம் போல் இல்லை என்று பெற்றோர் சொல்வது. கருவி எதுவும் அளக்காத, தாயோ தகப்பனோ வாயால் சொல்கிற ஒன்றை, மூளைக் காயத்தின் அடையாளங்களுள் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் இதைப் படித்துக் கற்பதற்கு முன்பே ஒரு பாட்டியிடம் கற்றிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு மாவட்ட மருத்துவமனையில் இரவுப் பணி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த நாலு வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு முறை வாந்தி எடுத்திருந்தான். கண்மணி சரி, கை கால் சரி, பெயர் கேட்டால் சொன்னான். நான் திருப்தியாகிவிட்டேன். பாட்டி மட்டும் "இவன் இவனா இல்ல, டாக்டர். பாட்டுப் போட்டா ஆடுவான். போன்ல போட்டுப் பாத்துட்டேன், ஆடல" என்றார். நான் அறிவுரைத் தாளைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. வெளியே பெஞ்சியில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு அவன் மறுபடியும் வாந்தி எடுத்தான், எழுப்பினால் எழவில்லை. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் இரத்தம் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சையில் பிழைத்துக்கொண்டான். அந்தப் பெஞ்சி இல்லாமல் அவர் தோட்டத்துக்குத் திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பாட்டு விஷயத்தை நான் நோயாளிச் சீட்டில்கூட எழுதவில்லை.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் இது: மனசு "போ" என்று சொன்னால் போங்கள். அதற்கு யாரிடமும் காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் மனசு "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது அதை அவ்வளவு நம்பாதீர்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. தாய் மனசு மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. மாற்றமே வெளியே தெரியாத காயத்தில் அதுவும் தடுமாறும்.

மிதிவண்டிக் கைப்பிடி வயிற்றில் குத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு வட்டத் தழும்பு, சில சமயம் அதுவும் இருக்காது. பிள்ளை எழுந்து விளையாடப் போகும். உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். வலி, வாந்தி, காய்ச்சல் எல்லாம் பல மணி நேரம் கழித்து வரும், சிலருக்கு நாள் கழித்து. கைப்பிடி குத்தியது என்று தெரிந்தாலே காட்டிவிடுங்கள். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பெண் 2021-இல் இப்படித்தான் மிதிவண்டியிலிருந்து விழுந்து கணையத்தில் காயப்பட்டாள். மருத்துவமனையில் கிருமி இரத்தத்தில் பரவியது. மகள் மோசமாகிறாள் என்று தாய் மெரோப் மில்ஸ் எச்சரித்தும் அது போதிய அளவு எடுத்துக்கொள்ளப்படவில்லை. மார்த்தா இறந்துபோனாள். முன்னதாகவே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022-இல் நடந்த மரண விசாரணையில் முடிவானது. பெற்றோரின் போராட்டத்தால் 2024 முதல் அங்கே 'மார்த்தா விதி' வந்திருக்கிறது. பிள்ளை மோசமாகிறது என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால், வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்கும்படி அவர்களே கேட்கலாம்.

இன்னொன்று நம் தோட்டங்களுக்கே உரியது. செம்பனை மட்டை முள். பிள்ளைகள் வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு நடுவில் ஓடுவார்கள், முட்டியில் முள் ஏறும், பாட்டி ஊசியால் எடுத்துவிடுவார், புண் ஆறிவிடும். நுனி மட்டும் மூட்டுக்குள் தங்கிவிட்டால், சில நாளோ சில வாரமோ கழித்து முட்டி வீங்கும். அதற்குள் முள் குத்தியதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். எக்ஸ்ரேயில் முள் பொதுவாகத் தெரியாது. அதனால் மூட்டு வீக்கத்தோடு போகும்போது "போன மாதம் முள் குத்தியது" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்து, காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் காலை வரை வைத்திருக்கக் கூடாது.

சுளுக்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குச் சுளுக்கு சாதாரணம், முறிவு அபூர்வம். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. வளரும் எலும்பின் முனையில் மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசைநார் அதைவிட உறுதி. அதே முறுக்கலில் பெரியவர்களுக்கு நார் பிசகும், பிள்ளைக்கு எலும்பு விட்டுக்கொடுக்கும். பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளந்து நிற்குமே, அப்படியும் பிள்ளை எலும்பு முறியும். கோணல் தெரியாது, வீக்கமும் அதிகமிருக்காது. அதனால் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் "சுளுக்கு" என்று வீட்டில் யார் சொன்னாலும், படம் பார்க்காமல் நம்பாதீர்கள்.

அடுத்த முறை கையில் அடிபட்டால் இப்படிப் பாருங்கள். தொடுவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா கவனியுங்கள். பிடித்த பொருளை அடிபட்ட கைப் பக்கம் வையுங்கள், எந்தக் கையால் எடுக்கிறான் என்று தெரியும். பிறகு நல்ல கையிலிருந்து தொடங்கி ஒற்றை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். எலும்பின் மேல் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் முகம் சுளித்தால், அது முறிவாக இருக்கலாம். நகத்தை அழுத்தி விடுங்கள், இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அப்புறம் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடச் சொல்லுங்கள். கடைசியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருண்டையாக ஒரு வளையம் காட்டச் சொல்லுங்கள். இந்த நாலு சைகையிலும் கைக்குப் போகும் முக்கிய நரம்புகள் எல்லாம் அடங்கிவிடும். உங்கள் மகனுக்கு வராதது அந்த வளையம். வலிக்கு பயந்து செய்ய மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அதுவே போவதற்குப் போதுமான காரணம்.

புறப்படும்போது கையை நேராக்க முயலாதீர்கள். இருக்கிற வாட்டத்திலேயே மடித்த நாளிதழை அணைத்து, துப்பட்டாவால் கழுத்தோடு தூக்கிக் கட்டுங்கள். வளையல், மோதிரம், கோயில் கயிறு எதுவாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். கயிற்றை வெட்டினால் சாமி குத்தம் ஆகாது. வீங்கும் கையில் அது இறுகினால்தான் ஆபத்து. எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கலாம், வலியை மறைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டாம், மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். விரல் வெளுத்து ஜில்லென்று இருந்தால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால், 999. தோட்டத்துப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்று தெரிந்தால், காடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புங்கள்.

மகள் கட்டிலிலிருந்து விழுந்ததற்கு நீங்கள் போனது தவறே இல்லை. ஒரு ரிங்கிட் சீட்டுக்கு ஒரு மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னார், அதற்குத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இரவில் ஓட வேண்டியதும் இல்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை மூன்று அடிக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுந்து, உடனே அழுது, சீக்கிரம் அடங்கி, வழக்கம் போல் பால் குடித்து விளையாடினால் வீட்டிலேயே வைத்துக் கவனிக்கலாம். நெற்றிப் புடைப்பு பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. காதுக்கு மேலோ பின்மண்டையிலோ பொதபொதவென்று மெத்தையாக வீங்கினால் போய்விடுங்கள். மறுபடி மறுபடி வாந்தி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி கசிவு, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு நொடியாவது நினைவு தப்பியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தூங்கவிடக் கூடாது என்று சொல்வார்கள். தூங்கும் நேரத்தில் தூங்கட்டும், இடையில் எழுப்பிப் பாருங்கள், எழுந்து சிணுங்கினால் போதும்.

மாமியாரைப் பற்றி. அவர் வளர்ந்த காலத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெஸ்ஸர்தான் டாக்டர். அவருக்கு மேலே பார்க்க வேண்டுமென்றால் லாரி கிடைக்க வேண்டும், அன்றைக்குப் பேர் போட்டிருக்க மாட்டார்கள், சம்பளம் போகும். கையில் இருந்த எண்ணெயும் முட்டைப் பத்தும்தான் அவருக்கு மருந்து. அதைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்துக் காட்டியவர் அவர். அவரோடு வாதாட வேண்டாம். "அத்தை, நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி எலும்பு நல்லாருக்கான்னு ஒரு படம் மட்டும் எடுத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்காரரிடம், அவர் ஷிப்டில் இருந்தாலும், "போகலாமா?" என்று கேட்காதீர்கள். "போய்க்கிட்டு இருக்கோம்" என்று சொல்லுங்கள். அனுமதி கேட்கும் வார்த்தைதான் அன்றைக்கு உங்களை இரண்டு நாள் பிடித்து வைத்தது.

ஆஸ்பத்திரியில் "பயமா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால், என்னைப் போன்றவர்கள் உங்கள் பயத்துக்கு வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுவோம். பார்த்ததைச் சொல்லுங்கள். "வலது கைக்காரன், நேற்று இரவிலிருந்து இடது கையால்தான் வாங்குகிறான்." மலாய்க்கார எம்.ஏ.விடம் (மருத்துவ உதவியாளர்) "இனி புக்கான் மாச்சாம் பியாசா டியா" என்றால் போதும், இது அவன் வழக்கம் இல்லை என்பது புரியும். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், டாக்டர் ஒரு முறை பார்க்கட்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டுக்குப் போகச் சொன்னால், எது நடந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அப்படித் திரும்பி வருவதை எந்த நல்ல மருத்துவரும் தொல்லையாக நினைக்க மாட்டார்.

மகனுடைய அடுத்த அப்பாயின்ட்மென்டில் அந்த வளையத்தைக் காட்டச் சொல்லி மருத்துவர் முன்னால் செய்ய வையுங்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முறை செய்யச் சொல்லி, போனில் படம் எடுத்து வையுங்கள். தினம் பார்த்தால் மாற்றம் தெரியாது, வாரப் படங்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். விழுந்து மூன்று மாதம் ஆகியும் விரல் நுனிகளில் அசைவே தொடங்கவில்லை என்றால், நரம்புப் பரிசோதனை தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். முழங்கை முழுதாக நீளவில்லை என்று யாரும் பிடித்து இழுக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம். இந்த வயதில் கட்டாயப்படுத்தினால்தான் மூட்டு மேலும் இறுகும். பந்து எறியட்டும், வாளியில் தண்ணீர் மொண்டு குளிக்கட்டும், தானே நீளும். பென்சிலை இப்போதைக்கு எப்படி வருகிறதோ அப்படியே பிடிக்கட்டும். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எழுத்து கோணினால் திட்ட மாட்டார்.